1.12-க்குக் கூப்பிட்ட செல்லக்கண்ணு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் பாகூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, ஏரிக்கரைப் பக்கம் நாலு கடை தள்ளி நடந்து பார்க்கட்டும். நீல ஷட்டர் போட்ட கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருக்கும். வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. உச்சிவெயிலில் அந்தப் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். ஏன் என்று கடைக்காரி ஜெயசித்ராவைக் கேளுங்கள். சொல்லுவாள், ஆனால் கோபமாகத்தான் சொல்லுவாள்.

நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் எல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். இது பட்டப்பகலில் நடந்தது. மே மாதம், ஒரு வியாழக்கிழமை. நேரத்தை நிமிஷம் பிசகாமல் சொல்ல முடியும். ஏனென்றால் அத்தனையும் ஒரு பெட்டிக்குள் பதிவாகியிருக்கிறது.

ஜெயசித்ராவுக்கு முப்பத்தாறு வயது. பத்து வருடமாக அந்தச் சென்டரை நடத்துகிறாள். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம், ஆஸ்பத்திரிப் பதிவு... குருவிநத்தம், நெட்டப்பாக்கம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வேலை சுத்தம். அப்படிப்பட்டவளை எட்டு மாதமாக ஊரே ஏமாற்றுக்காரி என்று பேசிக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேராகவும் பேசியது, முதுகுக்குப் பின்னாலும் பேசியது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

எல்லாம் செல்லக்கண்ணு விஷயத்தில் வந்த வினை.

செல்லக்கண்ணு குருவிநத்தத்துக்காரர். கரும்பு வெட்டும் ஆள். ஐம்பத்தெட்டு வயது. இதயத்தில் ரெண்டு இடத்தில் அடைப்பு. ஆபரேஷனுக்குத் தேதி வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வருடத்துக்கு ரெண்டு தடவைதான் பதிவைத் திறப்பார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, அவர்கள் மேல் தப்பில்லை. போன வருடம் மே மாதம் ஜெயசித்ராதான் அவருக்குப் பதிவு செய்து கொடுத்தாள். எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். கடை நோட்டில் ஊதா மையில் இடது கட்டைவிரலை வைத்தார். சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தேதி மெசேஜ்ல வரும். போன ஆஃப் பண்ணிடாதீங்க" என்று சொன்னாள் ஜெயசித்ரா. அவருடைய விரிசல் விட்ட போனில் கடை வைஃபையையும் போட்டுக் கொடுத்தாள்.

நாலு மாதம் போனது. மெசேஜ் வரவில்லை. பாகூர் வரும்போதெல்லாம் செல்லக்கண்ணு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் போனை நீட்டி, "இதுல எதாச்சும் வந்துக்குதா பாருபா" என்று கேட்பார். கடைசியில் செப்டம்பர் மாதம் நேரே ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். உங்கள் பேரே இல்லை என்றார்கள். சீட்டைக் காட்டினார். இந்த எண்ணே எங்களுடையது இல்லை என்றார்கள். பஸ் ஏறித் திரும்பி வந்தார். வெயிலுக்கு ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது.

மறுவாரம் மகன் டேனியல் கடைக்கு வந்தான். சீட்டை ரெண்டாகக் கிழித்து அவள் முகத்தில் எறிந்தான்.

"நீ அனுப்பவே இல்லக்கா. ஏதோ ஒரு பேப்பர அடிச்சிக் குடுத்து எங்கப்பாவக் கொன்னுட்ட."

அனுப்பினேன் என்று அவள் கத்தினாள். ஊர் வேடிக்கை பார்த்தது. கிழிந்த ரெண்டு துண்டையும் பொறுக்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள். அதற்குப் பிறகு அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. பார்த்திருக்க வேண்டும். அதைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லித் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

மதியம் ஒரு மணி இருக்கும். நெட்டப்பாக்கத்திலிருந்து மஞ்சுளா வந்தாள். அவள் புருஷன் தங்கவேல் நெல் போடுகிற சின்ன விவசாயி. அவருக்கும் இதயம்தான், வால்வு பழுது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. அதே ஆஸ்பத்திரி. அதே பதிவு. அன்றைக்குத்தான் கடைசி நாள். மூன்று மணியோடு மூடிவிடுவார்கள்.

"இந்தத் தடவ வுட்டா அடுத்தது ஆறு மாசம் கழிச்சித்தான்னு சொல்லிட்டாங்கக்கா. டாக்டரு ரெண்டு மாசந்தான் தாங்கும்ன்றாரு" என்றாள் மஞ்சுளா. "வேற சென்டருக்குப் போன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் இங்க வந்தேன்."

அந்தக் கடைசி வரி ஜெயசித்ராவுக்குச் சுருக்கென்று தைத்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி தளத்தின் பேரை டைப் செய்தாள். எப்போதும் போலச் சிவப்பாக ஒரு எச்சரிக்கைப் பக்கம் வந்தது. கீழே ரெண்டு பொத்தான். ஒன்று, திரும்பிப் போ. இன்னொன்று, பரவாயில்லை, உள்ளே போ. எத்தனையோ தளங்களில் இது வருவதுதான். அரசாங்கத் தளம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லா சென்டர்க்காரர்களும் பழகிவிட்டார்கள். படித்துக்கூடப் பார்க்காமல் உள்ளே போ என்பதை அழுத்தினாள்.

அப்போது வெளியே ஒரு குரல்.

"ஜெயாம்மா..."

சுவர்க் கடிகாரத்தில் மணி 1.12.

அவள் பதில் சொல்லவில்லை. உச்சி வேளையில் வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவை கூப்பிடும் வரை வாய் திறக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். காற்று கருப்பு எதுவும் ரெண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதாம். மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். எட்டிப் பார்த்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பெஞ்சு காலியாக இருந்தது.

"இன்னாக்கா பாக்கற?" என்றாள் மஞ்சுளா. அவளுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல. ஆதார் குடு."

தங்கவேலின் பேர், ஊர், ஆதார் எண், போன் எண், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஏற்றினாள். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சரிபார்த்தாள். அனுப்பு என்பதை அழுத்தினாள்.

"ஜெயாம்மா..."

மணி 1.19.

இந்தத் தடவை அவளுக்குக் குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அது மட்டுமில்லை. அந்த நேரமும் அவளுக்குத் தெரிந்த நேரம்தான்.

யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் ஜெயசித்ராவிடம் இருந்தது. புருஷனிடமும் சொல்லவில்லை, பாவமன்னிப்பிலும் சொல்லவில்லை. செல்லக்கண்ணு செத்த அன்று அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ "ஜெயாம்மா" என்று கூப்பிட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தாள், 1.12. உச்சி வேளை. மூன்றாவது தடவை கூப்பிடட்டும் என்று இருந்தாள். 1.19-க்கு இன்னொரு தடவை கேட்டது. குரல் தேய்ந்திருந்தது. இன்னும் ஒரு தடவை கூப்பிட்டால் போகலாம் என்று சோற்றைப் பிசைந்தபடி காத்திருந்தாள்.

மூன்றாவது தடவை கூப்பிட அவருக்கு உயிர் இல்லை.

பிரிண்டர் கடகடத்துச் சீட்டைத் துப்பியது. ஒப்புகை எண்ணோடு தங்கவேலின் பேர். மஞ்சுளா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மெசேஜ் வர்லியேக்கா?" என்றாள். சர்வர் நெரிசல், நாலு நாளில் குறுஞ்செய்தி வரும் என்று பக்கத்தின் அடியில் போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டினாள். கடை நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, கடை நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தாள். ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க மஞ்சுளா வெயிலில் வேகமாக நடந்து போனாள்.

ஜெயசித்ரா வாசலுக்கு வந்தாள். அப்போதுதான் பெஞ்சைப் பார்த்தாள்.

பெஞ்சு ஈரமாக இருந்தது.

ஈரத்துண்டு போட்ட ஆள் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுப் போனது போல, முதுகுக்கு ஒரு ஈரம், கீழே ஒரு ஈரம். மே மாத வெயில். தண்ணீரைக் கொட்டினால் எண்ணுவதற்குள் காய்ந்துவிடும். இது காயவில்லை. தொட்டுப் பார்த்தாள்... சில்லென்று இருந்தது.

அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"இன்னாய்யா வேணும் உனக்கு?" என்று காலிப் பெஞ்சைப் பார்த்துக் கத்தினாள். "நான் அனுப்புனேன்யா! சத்தியமா அனுப்புனேன்! இன்னும் எத்தினி நாளு என் உசுர எடுப்ப?"

எதிர்க்கடை டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே வந்து டிராயரைத் திறந்தாள். அனுப்பியதற்கு இதோ அத்தாட்சி என்று யாருக்காவது காட்ட வேண்டும் போல ஒரு வெறி. கிழிந்த துண்டுகளை ஒட்டவைத்துத் தங்கவேலின் நகலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மணி 1.31.

ரெண்டு சீட்டிலும் ஒரே எண்.

பதினாலு இலக்கம். ஒரு வருட இடைவெளி. ரெண்டு வேறு ஆட்கள். ஆனால் முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம் வரை ஒரே எண். விரல் வைத்து மூன்று தடவை ஒப்பிட்டாள். மாறவில்லை.

அப்படியானால் அந்த எண் பொய். செல்லக்கண்ணுவின் எண்ணும் பொய், இப்போது மஞ்சுளா கண்ணில் ஒற்றிக்கொண்டு போனதும் பொய். தங்கவேல் எங்கேயும் பதிவாகவில்லை. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் பதிவு மூடிவிடும்.

மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அதே பேரை டைப் செய்தாள். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

மணி 1.38.

சிவப்புப் பக்கம் வந்தது.

பழக்கதோஷத்தில் கை உள்ளே போ என்ற பொத்தானுக்குப் போனது.

போன கை நின்றது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் காற்று வரவில்லை. பீடி வாசம் வந்தது...

அவளுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். நெஞ்சு அடைத்த ஆள் வாங்குகிற மூச்சு.

அவள் திரும்பவில்லை.

திரையில் ஒரு கறை.

திரும்பிப் போ என்ற பொத்தானின் மேல்.

ஊதா நிறம்.

கட்டைவிரல் ரேகை.

இடது கை...

ஈரம் காயவில்லை.

பின்னால் கேட்ட மூச்சு நின்றுவிட்டது. அந்தக் கடையில் அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கடிகாரம் 1.42 காட்டியபோதுதான் சுயநினைவு வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. பீடி வாசமும் இல்லை. திரையில் ரேகை மட்டும் அப்படியே இருந்தது. பத்து வருடத்தில் முதல் தடவையாக, அந்தச் சிவப்புப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாள்.

இந்தத் தளம் தான் இன்னார் என்று நிரூபிக்கவில்லை, யாரோ உங்களை ஏமாற்ற முயலலாம் என்று எழுதியிருந்தது. அத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. படிக்கத் தெரிந்த இவள் படிக்கவில்லை. படிக்கத் தெரியாத மனிதர் செத்த பிறகு வந்து கைநாட்டு வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். நாம் டைப் செய்வது பேர். கம்ப்யூட்டருக்குப் பேரை வைத்துப் போகத் தெரியாது, எண் வேண்டும். அதனால் இந்தப் பேர்க்காரர் எங்கே இருக்கிறார் என்று அது வெளியே ஒருவரைக் கேட்கும். அவர் ஒரு எண்ணைச் சொல்லுவார். அந்த எண்ணுக்குப் போகும். வழி சொல்லுகிற ஆளையே மாற்றிவிட்டால்? பேர் சரியாகத்தான் இருக்கும். பக்கமும் அதே மாதிரி இருக்கும். போய்ச் சேருகிற இடம் மட்டும் எவனோ ஒருவனுடையதாக இருக்கும்.

ரெண்டு தடவை கூப்பிட்ட மனிதரை நம்பாமல் மூன்றாவது தடவைக்குக் காத்திருந்தவள், இந்தப் பெட்டி ஒரே தடவை சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"சரி, உன்னையும் மூணு தடவ கேக்கறேன்" என்றாள் கம்ப்யூட்டரிடம்.

நெட் வராதபோது சரிபார்க்கத் திரையில் கட்டளை எழுதுகிற ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து பேரைப் போட்டுப் பார்ப்பாள். எந்த எண்ணுக்குப் போகிறது என்று அது காட்டும். கடை லைனில் கேட்டாள். 45 என்று தொடங்கும் ஒரு எண் வந்தது. கடை லைனைப் பிடுங்கிவிட்டுத் தன் போன் நெட்டில் கேட்டாள். 103 என்று தொடங்கும் எண். மூன்றாவதாக வேறு கம்பெனி சிம் வேண்டும். ஓடிப்போய் டீ மாஸ்டரின் போனைப் பிடுங்கிவந்து அதில் கேட்டாள். மறுபடி 103.

கடை லைன்தான் பொய் சொல்கிறது.

மணி 1.47. செருப்புகூடப் போடாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். நெட்டப்பாக்கம் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. பக்கவாட்டுத் தகரத்தில் கையால் அடித்துக்கொண்டே கூட ஓடினாள். கண்டக்டர் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவள் அதைவிட மோசமாகத் திட்டினாள். பஸ் நின்றது.

"மஞ்சுளா, எறங்குடி! அந்தச் சீட்டு பொய்யி!"

மஞ்சுளாவுக்கு முகம் செத்துவிட்டது. "நீயுமாக்கா... எல்லாரும் சொன்னாங்களே..." என்று அழ ஆரம்பித்தாள்.

"அப்புறம் அழு. இப்ப போன எடு."

போன் நெட்டில் கம்ப்யூட்டரை மாட்டி மறுபடி ஏற்றினாள். இந்தத் தடவை சிவப்புப் பக்கம் வரவே இல்லை. வேறு எந்தத் தடங்கலும் இல்லாமல் தளம் திறந்தது, ஆனால் கடைசி நாள் என்பதால் ஆமை வேகம். ரெண்டு தடவை பாதியில் நின்றது. போனுக்கு வர வேண்டிய ரகசிய எண் தாமதமாகிக் காலாவதி ஆனது. 2.30 ஆனது. 2.40 ஆனது. மஞ்சுளா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். 2.51-க்குப் பதிவு ஏறியது. 2.52-க்கு மஞ்சுளாவின் போனில் டொய்ங் என்று குறுஞ்செய்தி வந்தது. செல்லக்கண்ணு நாலு மாதம் காத்துக்கிடந்த குறுஞ்செய்தி. அதைப் பார்த்ததும் ஜெயசித்ரா வாய்விட்டு அழுதாள். அழுகை முடிந்ததும் பிரிட்டோவுக்குப் போன் போட்டாள்.

பிரிட்டோதான் அந்தப் பக்கத்துக்கெல்லாம் நெட் கனெக்‌ஷன் கொடுப்பவன். 3.40-க்கு பைக்கில் வந்தான். அவள் போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவன் லேப்டாப்பை மாட்டி, நெட் பெட்டியின் உள்ளே நுழைந்து பார்த்தான். முகம் வெளுத்தது.

"யாரோ உள்ள வந்து மாத்திக்கீறாங்கக்கா. பேருக்கு எண் சொல்ற எடத்துல எவனோ ஒருத்தன் அட்ரஸ் கீது. போன வருசம் ஏப்ரல்லயே மாத்திக்கீறான். அந்த ஆஸ்பத்திரி பேருக்கு மட்டும் பொய் சொல்லுது. மத்ததெல்லாம் சரியா போவுது, அதான் தெரியல."

"எப்டிரா உள்ள வந்தான்?"

பிரிட்டோ தலையைக் குனிந்துகொண்டான். அவன் மாட்டிய எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு. யார் வீட்டில் நெட் நின்றாலும் வெயிலில் அலையாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே சரி செய்யலாம் என்று அப்படி வைத்திருந்தான். மறந்துபோகும் என்று ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் மார்க்கரில் எழுதியும் வைத்திருந்தான்.

"எத்தினி வூட்டுல?"

"நூத்தியெம்பது இருக்கும்க்கா."

"நூத்தியெம்பது வூட்டுக்கும் ஒரே சாவி போட்டு, அந்தச் சாவியக் கதவுலயே தொங்கவுட்டுக்கிற. தூ! ஒரு மனுசன் செத்துட்டாருடா!"

எவனோ பேரும் ஆதார் எண்ணும் போன் எண்ணும் திருட விரித்த வலை. அவன் எந்த ஊரில் இருக்கிறானோ, செல்லக்கண்ணு என்று ஒருவர் இருந்ததுகூட அவனுக்குத் தெரியாது. அவனைத் திட்ட வழியில்லாமல் அவள் பிரிட்டோவைத் திட்டித் தீர்த்தாள். அவன் வேலையைப் பார்த்தான். பொய் சொல்லும் ஆளை எடுத்துவிட்டு நம்பிக்கையான ஆளைப் போட்டான். வருகிற பதிலில் முத்திரை இருந்து அது ஒத்துப்போகாவிட்டால் தள்ளிவிடும்படி வைத்தான். கடை வைஃபைக்கும் பெட்டிக்கும் புது பாஸ்வேர்டு போட லேப்டாப்பை அவளிடம் தள்ளினான். யாருக்கும் தெரியாமல் அவளே டைப் செய்தாள்.

மணி 4.20.

"யாரு என்னா பேரு கேட்டாங்கன்னு இதுலயே பாக்கலாம்க்கா. ஒரு மாசத்துக்கு வெச்சிருக்கும்" என்று பட்டியலைத் திறந்து காட்டினான். கடைக் கம்ப்யூட்டர், பிரிண்டர், அவளுடைய போன் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் தெரியாத ஒன்று. ஆங்கில எழுத்தில் 'அப்பா' என்று பேர் வைத்த ஒரு போன்.

அது தினமும் ஒரே ஒரு பேரைத்தான் கேட்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரித் தளத்தின் பேர்.

தினமும் ரெண்டு தடவை. 1.12. 1.19.

முப்பது நாளும். ஞாயிற்றுக்கிழமைகளிலும்... கடை பூட்டியிருந்த நாட்களிலும்...

"யாரு போனுக்கா இது?" என்றான் பிரிட்டோ.

அவள் பதில் சொல்வதற்குள் பட்டியலின் மேல் ஒரு புது வரி வந்தது.

அப்பா. அதே பேர்.

மணி 4.26.

புது பாஸ்வேர்டு போட்டு ஆறு நிமிஷம்கூட முழுதாக ஆகவில்லை. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பிரிட்டோ பாய்ந்துபோய் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கடைக்குத் தனியாக வருவதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெயசித்ரா குருவிநத்தம் போனாள். டேனியல் முதலில் கதவையே திறக்கவில்லை. வெளியே நின்று ரெண்டு சீட்டையும் ஜன்னல் வழியாக நீட்டினாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். 1.12-க்கும் 1.19-க்கும் அவர் கூப்பிட்டதையும், தான் வராமல் சோறு தின்றதையும் சொன்னாள். அப்புறம்தான் அவன் கதவைத் திறந்தான்.

"டேனியலு, அப்பாவோட போனு எங்க?"

"ஏன்க்கா?"

"சும்மா சொல்லு."

"அவரு சட்டப் பையிலயே வெச்சிப் பொதச்சிட்டோம். மெசேஜ் வரும், மெசேஜ் வரும்னு அத வுடவே மாட்டாரு. நான்தான் வாங்கிக் குடுத்தேன். அதுல பேருகூட 'அப்பா'ன்னு போட்டிருந்தேன்."

கல்லறை குருவிநத்தம் ஆற்றோரம் இருக்கிறது. கடைக்கும் அதற்கும் எத்தனையோ கிலோமீட்டர். அந்த வைஃபை பக்கத்து டீக்கடைக்கே சரியாக எட்டாது.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் இங்கே சொல்லியிருக்கவே மாட்டேன்.

ஜூன் மாதக் கடைசியில் தங்கவேலுக்குத் தேதி வந்தது. ஜெயசித்ராவும் கூடப் போனாள். பேர் இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்க்காமல் அவளுக்கு நிம்மதி இல்லை. காலை 10.05. கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன் வரிசையில் தங்கவேல், மஞ்சுளா, அவள். இன்னும் ரெண்டு குடும்பம். பின் வரிசைகள் காலி.

நர்ஸ் அச்சடித்த பட்டியலைப் பார்த்துப் பேர் பேராகக் கூப்பிட்டாள். நாற்பத்தொன்று, தங்கவேல், நெட்டப்பாக்கம். மஞ்சுளா புருஷனைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். ஜெயசித்ரா மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

நர்ஸ் அடுத்த வரியைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இது இன்னா, மூணு மணிக்கு மூடுன பதிவுல நாலு இருவத்தாறுக்கு ஒண்ணு ஏறிக்குது? சரி... நாப்பத்திரெண்டு. செல்லக்கண்ணு, குருவிநத்தம்."

யாரும் பதில் சொல்லவில்லை.

"செல்லக்கண்ணு..."

ஜெயசித்ரா திரும்பிப் பார்த்தாள், பின் வரிசைகள் காலியாகவே இருந்தன.

நர்ஸ் பேனாவை எடுத்தாள். மூன்று தடவை கூப்பிட்டு வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள்.

"செல்லக்கண்ணு!"

"தோ... இருக்கேம்மா."

பின் வரிசையிலிருந்து.

நர்ஸ் தலையைத் தூக்கவே இல்லை. நோட்டைத் தள்ளிவைத்து, "இதுல கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போங்க" என்றாள். ஜெயசித்ராவின் தோள் பக்கம் ஈரக்காற்று ஒன்று கடந்து போனது. ஆபரேஷன் பிரிவின் ஸ்பிரிங் கதவு தானாகத் திறந்து, தானாக மூடியது.

அவள் எழுந்துபோய் நோட்டைப் பார்த்தாள். நாற்பத்திரெண்டாம் எண்ணுக்கு நேரே ஊதா மையில் இடது கட்டைவிரல். ஈரம் காயவில்லை.

"ஸ்டாம்ப் பேடு எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இங்க ஏதும்மா?" என்றாள் நர்ஸ். "கையெழுத்து தெரியாதவங்க மெஷின்லதான் வெரல் வெப்பாங்க. ரெண்டு வருசமா இந்த மேசையில மையே கெடையாது."